கழித்தல் வேலை

தார்த்து நகரில் பிப்ரவரி.
உறைந்த ஆற்றின் மேல் நடந்து
ஆட்கள் வேலைக்கு வருகிறார்கள்.
மூன்றாம் மாடியில் எங்கள் அறை மட்டும்
எப்போதும் இருபத்து மூன்று டிகிரி.
குளிர்ந்த கையில் ரத்தம் வேறு எண் சொல்லும்.

ஸ்டெதாஸ்கோப் ஒன்று, காதுகள் நான்கு.
குழாய் நடுவில் பிரிந்து
தட்டியின் இந்தப் பக்கம் உர்வெயிடமும்
அந்தப் பக்கம் ஐவாரிடமும் போகிறது.
ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது.
ஏழு மாதமாக முகத்தையும் பார்ப்பதில்லை,
ஐவார் விற்ற காரின் கியர்பெட்டி விஷயத்தில்.
ஆனால் யாரோ ஒருவரின் முழங்கை மடிப்பில்
முதல் தட்டு கேட்கும் கணத்தில்
இரண்டு பென்சில்களும் ஒன்றாக அசைகின்றன.
நாலு எண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்தால்
அந்த அளவையே தள்ளிவிடுவோம்.
கியர்பெட்டிக்கு அப்படி ஒரு விதி இல்லை.

நான் மூன்றாமவள். என் வேலை கழித்தல்.
இயந்திரம் சொன்னதிலிருந்து
மனிதர் கேட்டதைக் கழிப்பது.

வந்த புதிதில் ஐவாரின் காதுக்குப் பூஜ்ஜியம் பிடிக்கும்.
ஊரில் பாதிப் பேருக்கு நூற்று நாற்பது.
அந்த ஆசையை விடுவிக்க ஒரு குளிர்காலம் ஆயிற்று.
பாதரசத் தூணிலோ இரண்டிரண்டாகத்தான் கோடு,
அதில் ஒற்றைப்படை எண்ணே கிடையாது.
மேசை மேல் வெள்ளைப் பெட்டி மட்டும்
நூற்று நாற்பத்து மூன்று என்று கூசாமல் சொல்லும்.
ஒற்றைப்படைக்கு ஒரு நேர்மைக் களை உண்டு.
கடையில் அதைப் பார்த்துத்தான் நம்புகிறார்கள்.

பெட்டிக்குக் காது இல்லை.
பட்டைக்குள் காற்று நடுங்குவதை அறியும்,
நடுக்கம் உச்சம் தொடும் இடத்தை அறியும்.
மேலே ஒன்று கீழே ஒன்று என நாம் ஒப்பிக்கும் இரண்டும்
அங்கிருந்து அது போடும் ஊகம்.
சூத்திரத்தை ரைனரின் கம்பெனி
யாருக்கும் காட்டாது.

இன்று அறுபத்தோராவது ஆள், கல்யூ.
மரம் ஏற்றும் லாரி ஓட்டுபவர்.
மேற்கைச் சுற்றளவு நாற்பத்தொன்று.
நாற்பத்திரண்டு வரை என்று
பட்டையில் அச்சிட்டிருந்தது.
சுற்றியதும் ஒட்டுநாடா கடைசி விரலகலத்தில்
பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

உர்வெ: நூற்று முப்பத்தாறு.
ஐவார்: நூற்று முப்பத்தெட்டு.
பெட்டி: நூற்று அறுபத்தொன்று.
மறுபடி. மறுபடி.
மூன்று தரமும் ஏறக்குறைய அதே பள்ளம்.

"நடுவில் பேசினார், நீக்கிவிடலாம்" என்றார் ரைனர்.
கெட்டவர் அல்ல.
பெரிய பட்டை ஒன்றும் சேர்த்துக் கொடுத்தால்
விலை ஆறு யூரோ கூடும்.
அந்த ஆறு யூரோவை
மூன்று வருடமாகச் சுமக்கிறார்.
பேசியவரை நீக்க விதி இருக்கிறது.
படிவத்தில் அதற்கொரு கட்டமும் இருக்கிறது.

தட்டிக்கு இந்தப் பக்கம் உர்வெ:
பெட்டி அளந்தபோதும் குழாய் காதில்தான் இருந்தது,
பேசியிருந்தால் இடி மாதிரி கேட்டிருக்கும்.
அந்தப் பக்கம் ஐவார், அவளுக்கே பதில் சொல்வதுபோல்:
கேட்கவில்லை.

கல்யூ அப்போதுதான் வாயைத் திறந்தார்.
வீட்டிலும் இதே ஜாதிப் பெட்டி,
எப்போது பார்த்தாலும் நூற்று அறுபதுக்கு மேல்.
எழுதிக் கொண்டுபோன தாளைப் பார்த்து
டாக்டர் மாத்திரையை இரட்டிப்பாக்கினார்.
இலையுதிர் காலத்திலிருந்து
லாரியை விட்டு இறங்கும்போது
கடைசிப் படி அதன் இடத்தில் இருப்பதில்லை.
"வயசு என்று நினைத்தேன்."

ரைனர் ஒன்றும் சொல்லவில்லை.
என் ஸ்கேலைக் கேட்டு வாங்கி
பட்டையின் நீளத்தை அளந்தார்.
பிறகு இன்னொரு முறை அளந்தார்.

நான் எழுதினேன்:
அறுபத்தொன்று. ஆண். வித்தியாசம் இருபத்து நான்கு.
நீக்கம் இல்லை.

சட்டைக் கையை இறக்கிவிட்டபடி கல்யூ கேட்டார்,
அப்படியானால் சரியான எண் எது?
தூணில் பாதரசம் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.
மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள்,
இந்தத் தாளோடு டாக்டரைப் பாருங்கள் என்றேன்.
எண் என்றால்,
நூற்று முப்பத்தேழு என்றேன்,
தூணில் இல்லாத எண்ணை,
கூசாமல்.