கழற்ற ஒன்றுமில்லாத பெயர்

தோர்ஷவ்ன் துறைமுகம், காலை ஆறு நாற்பது.
மழை மேலிருந்து விழவில்லை,
பக்கவாட்டில் வருகிறது.
கப்பல் கிளம்பவில்லை.

வாசலில் எண்ணியது நாற்பத்தொரு தலை.
பட்டியலில் நாற்பது பெயர்.
"பெயரில்லாத தலையோடு கடலுக்குள் போகமாட்டேன்"
என்கிறார் ஹானுஸ் தொலைபேசியில்.
பின்னால் யாரோ கார்க் கதவை அறைந்து சாத்துகிறார்கள்.

மாரியுன் ஈரக் காலுறையோடு உட்கார்ந்து
நிரலைத் திறக்கிறாள்.

சரம் என்று பெயர். பூவும் இல்லை, நாரும் இல்லை.
எழுத்துக்குப் பின் எழுத்து,
நடுவில் விட்ட இடமும் ஓர் எழுத்து.
அதைக் கையாள அவள் எழுதி வைத்த
சின்னச் சின்ன வேலைக்காரர்கள் நிற்கிறார்கள்,
ஒருவன் கையிலிருந்து அடுத்தவன் கைக்கு
பெயர்கள் போகின்றன.

காற்புள்ளி கண்ட இடத்தில் உடைப்பவன் முதலில்.
போன வருடம் "பேட்டர்சன், மூத்தவர்" என்பதை
இரண்டு பயணிகளாக்கி
இல்லாத மூத்தவருக்கு ஜன்னலோர இருக்கை கொடுத்தான்.
அதைத் திருத்தியாயிற்று.

ஓரம் நறுக்குபவன் அடுத்து.
முன்னும் பின்னும் ஒட்டிய வெற்றிடத்தைத் தட்டிவிடுவான்,
மிதியடியில் செருப்பைத் தட்டுவது போல.
உள்ளே இருக்கும் வெற்றிடத்தைத் தொடமாட்டான்.
அந்த மட்டுக்கும் நல்லவன்.

பிறகு துடைப்பவன்.
மூன்று வருடம் முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை,
கோட்டை மாட்டிக்கொண்டே எழுதியது.
எழுத்தின் தலையில் சாய்ந்திருக்கும் கீற்றை
எடுத்துவிடுவான்.
பக்கத்தில் அவள் குறிப்பு:
குறிகள் வெறும் இரைச்சல்.

கடைசியாக நிற்பவன்
ஒன்றுபோல் இரண்டு வந்தால் ஒன்றை விட்டுவிடுவான்.
அவன்மேல் தப்பில்லை.
கையில் கொடுத்ததை நம்புகிறவன்.

மாரியுன் மூலப் பட்டியலை
விரல் வைத்து வாசிக்கிறாள். இருபத்தாறு. இருபத்தேழு.

தௌரா லாம்ஹௌகெ,
பல் பிடுங்கிக்கொண்டு தீவுக்குத் திரும்புகிறவள்.
தோரா லாம்ஹௌகெ,
மீன் ஆலையின் குளிர்ப்பெட்டியைப் பழுதுபார்க்க
டென்மார்க்கிலிருந்து வந்தவள்.
ஒருத்தியின் வட்டத்தின் மேல் ஒரு கீற்று.
இன்னொருத்தியுடையது வெறும் வட்டம்.
துடைத்தபின் இரண்டும் ஒரே வட்டம்.

அவளுக்குத் தமிழ் தெரியாது.
தெரிந்திருந்தால் சொல்லியிருக்கலாம்:
பாலில் கால் ஒடிந்தால் பல்.

ஒரு வரியை அழிக்கிறாள்.
அச்சு இயந்திரம் இரும, தாள் வருகிறது.
ஹானுஸ் தளத்தில் நின்று கூப்பிடுகிறார்,
முதலில் கீற்றோடு, பிறகு கீற்றில்லாமல்.
ஒரு குரல் தெளிவாக. ஒரு குரல் பஞ்சுக்குள்ளிருந்து.
நாற்பத்தொன்று.
இருபத்துமூன்று நிமிடம் தாமதம் என்று
பதிவேட்டில் எழுதுகிறார். காரணம்: எழுத்து.

கப்பல் போய்விட்டது. வேலை முடியவில்லை.
இனி வெளிநாட்டு விசைப்பலகையில் தேடுகிறவனுக்குத்
தௌரா அகப்படமாட்டாள்.
வேறொருவன் வேண்டும்,
தேடும்போது துடைத்து
எண்ணும்போது துடைக்காதவன்.
அதை மத்தியானம் பார்க்கலாம்.

காபி ஆறுகிறது.
பழைய சோதனையைத் திறந்து பார்க்கிறாள்,
இது எப்படித் தேறியது அன்றைக்கு?
தன் பெயரையே கொடுத்திருக்கிறாள்,
முன்னால் இரண்டு வெற்றிடம், பின்னால் மூன்று.
உள்ளே போனது மாரியுன்.
வெளியே வந்ததும் மாரியுன்.
பச்சை விளக்கு.

அவள் பெயரில் கீற்று இல்லை, புள்ளி இல்லை,
கழற்ற ஒன்றுமே இல்லை.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
பிறகு அந்தப் பெயருக்குக் கீழே
புதிய வரி ஒன்று தொடங்கி
விசையை அழுத்துகிறாள், முதலில் கீற்று,
அது தனியே திரையில் நிற்கிறது
எழுத்துக்குக் காத்துக்கொண்டு.