சொல்லப்படவில்லை

இரவு இரண்டு மணி.
லுக் என்ற சொல்லோடு உட்கார்ந்திருக்கிறேன்.
செக்காலை ரோட்டில் முட்டை லாரி ஒன்று
ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.
நாலாம் படுக்கைக்கு டிரிப் இன்னும் இருநூறு மில்லி.
அது தீர்வதற்குள்
லுக் ஆஃப்டர், லுக் ஃபார், லுக் இன்டு, லுக் டவுன் ஆன்
நான்கையும் வாக்கியத்தில் அமைக்க வேண்டும்.

பார்வை ஒன்றுதான்.
பின்னால் ஒட்டுகிற வால் வேறு வேறு.
ஒரு வாலில் பெற்றவள்,
ஒன்றில் தொலைத்தவள்,
ஒன்றில் போலீஸ்.
கடைசி வாலில்
எங்கள் பழைய டியூட்டி டாக்டர்.

போன வாரம் மாதிரித் தேர்வு.
போனில் கேள்வி கேட்டவளிடம் சொன்னேன்:
நோயாளி பாஸ்டு அவே, மேடம்.
முகத்தில் தண்ணீர் தெளித்தோம்.
எழுந்து டீ கேட்டார்.
அவள் சிரிப்பை மியூட்டில் போட்டாள்.
அவுட் என்றால் மயக்கமாம், அவே என்றால் மரணமாம்.
முத்துப்பட்டணத்து மனுஷனை
ஒரே வாக்கியத்தில் கொன்று
டீயும் கொடுத்திருக்கிறேன்.

நாலாம் படுக்கை மலைக்கண்ணன்.
புதுவயல் அரிசி ஆலையில் மூட்டை ஏற்றுகிறவன்.
கன்வேயரில் இரண்டு விரல் நசுங்கித்
தூக்கம் வராமல் கிடந்தவன் கேட்டான்:
என்ன சிஸ்டர் முணுமுணுக்கிறீங்க, மந்திரமா?

சொன்னேன்.
ஒரே வினை, ஒட்டு மாறினால் பொருள் மாறும்,
இருநூறு இருக்கிறது, மனப்பாடம் ஆக வேண்டும்.

இதுக்கா, என்றான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே.
எங்க மில்லுல தூக்குன்னா மூட்டை.
தூக்கிவிடுன்னா இன்னொருத்தன் வேணும்.
தூக்கிக்குடுத்துட்டான்னா அவன் ஏமாளி.
தூக்கிட்டாங்கன்னா
கணக்கை முடிச்சுக் கையில குடுத்துட்டாங்கன்னு அர்த்தம்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு,
என்னையத் தூக்கிருவாங்க சிஸ்டர்,
என்று சிரித்தான்.

அதற்கு ஒட்ட என்னிடம் எந்த வாலும் இல்லை.
கட்டு ஊறியிருந்தது.
மாற்றிக் கட்டினேன்.

பக்கம் எழுபத்தாறு. படித்து விடை எழுதுக.
ஏதோ கடல், ஏதோ கலங்கரை விளக்கம்.
காவலாளி தினமும் கண்ணாடி துடைக்கிறான்,
மீன் பிடிக்கிறான்,
மாதத்துக்கு ஒரு படகு வருகிறது.
கூற்று: அவன் தனிமையில் வருந்தினான்.
சரி. தவறு. சொல்லப்படவில்லை.

சரி என்பதைப் பேனா அழுந்தச் சுழித்தேன்.
இதில் என்ன சந்தேகம்,
மாதத்துக்கு ஒரு படகு!

கடைசிப் பக்கத்தில் விடை: சொல்லப்படவில்லை.

கோபம் வந்தது எனக்கு.
எல்லாவற்றையும் சொல்லியா தெரிந்துகொள்வது?
இந்த வார்டில் ஆம்பளைகள் யாரும்
வலிக்கிறது என்று சொன்னதில்லை.
இப்ப மணி என்ன என்று கேட்பார்கள்.
நான் ஊசியோடு போவேன்.
பதினாறு வருஷமாக
இப்படிப் படித்துத்தான் பாஸாகிறேன்.

ஆனாலும் சாயங்காலத்தை நினைக்கும்போது
புத்தகம் சொல்வது நியாயமோ என்று தோன்றுகிறது.
அடைக்கலத்திடம் சொன்னேன்,
இருபத்து மூன்றாம் தேதி சென்னையில் பரீட்சை,
தேறினால் அயர்லாந்து, முதலில் நான் மட்டும்.
அவர் தேவகோட்டைக்கு ஓடுகிற ஷேர் ஆட்டோவைக்
கழுவிக்கொண்டிருந்தார்.
சக்கரத்திலிருந்து செம்மண் கரைந்து
வாசல் கால்வாய்க்கு ஓடியது.
டியூபைத் திருப்பி அடுத்த சக்கரத்துக்குப் பிடித்தார்.
பாத்துக்கலாம், என்றார்.

பார். லுக்.
இதற்கு எந்த வால்?
பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்வேன் என்றாரா,
பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்ப்போம் என்றாரா,
போய்விடுவாயா, அதையும் பார்த்துவிடுகிறேன் என்றாரா?
பதினாறு வருஷம் கூடப் படுத்தவர்.
முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.
நான் சக்கரத்தைத்தான் பார்த்தேன்.

நோட்டில் மூன்று கட்டம் போட்டேன்.
சரி. தவறு.
மூன்றாவதில் பேனாவை வைத்து
எடுக்காமல் இருந்தேன்,
மை ஊறிப் பின்தாளுக்கும் இறங்கியது.

சிஸ்டர், என்றான் மலைக்கண்ணன்.
இப்ப மணி என்ன?

எழுந்தேன்.