வேறு ஏதேனும் இருப்பின்

தவக்காலத்து இரண்டாம் ஞாயிறு
காணிக்கைப் பையின் பின்னாலேயே வந்தது
அந்த மஞ்சள் தாள்.
உங்கள் தாலந்து எது? டிக் செய்யவும்.
பாடகர் குழு. ஞாயிறு பள்ளி. ஜெபக் குழு.
பீடத்துக்குப் பூ அலங்காரம்.
மைக், புரொஜெக்டர்.
கடைசியில், இடம் மிச்சமிருக்கிறதே என்று
யாரோ சேர்த்த மாதிரி,
வேறு ஏதேனும் இருப்பின்.
எதிரே அரை அங்குலக் கோடு.

ஓட்டேரிப் பாலம் தாண்டி வீடு வரும்வரை
அதை விசிறியாக்கிக்கொண்டு வந்தேன்.

பாட்டு எனக்கு வராது.
வராது என்றால் ஆசை இல்லை என்று அர்த்தமில்லை.
போன கிறிஸ்துமஸுக்கு ஆல்ட்டோவில் நின்றேன்.
ஐந்தாவது ஒத்திகையில் ஜெயகரன் மாஸ்டர்
என் பக்கம் சாய்ந்து,
நல்ல மனுஷன், மெதுவாகத்தான் சொன்னார்,
"நீங்க வாயை மட்டும் அசைங்கக்கா."
அசைத்தேன்.
பண்டிகை விடியற்காலையில்
மெழுகு உருகி விரலில் சொட்ட
ஓசையில்லாமல் அல்லேலூயா சொன்னேன்.

எனக்கு வருவது வேறு.
தாடையை எந்த நேரத்துக்குள் கட்டவேண்டும் என்று தெரியும்.
முழங்கை விறைப்பதற்குள் நீட்டிவிடத் தெரியும்.
அயனாவரத்தில் எந்த டாக்டர்
ராத்திரியில் கதவு திறந்து சர்டிபிகேட் எழுதுவார்,
ஐஸ் பெட்டிக்காரர்கள் இருவரில்
யார் வண்டிக் காசு தனியாகக் கேட்கமாட்டார்,
கீழ்ப்பாக்கம் கல்லறையில் குடும்பக் குழியைத் திறக்க
எந்தப் பழைய ரசீது வேண்டும்,
அது பெரும்பாலும் பீரோவில்
எந்தப் புடவைக்கு அடியில் இருக்கும்.

அம்மாவுக்கு நானே செய்யவேண்டி வந்தபோது கற்றது.
பிறகு சபையில் பதினேழு பேர்.
பிள்ளைகள் வைத்த பெயர் பெட்டி அக்கா.
கல்யாண வீட்டில் என்னைக் கண்டதும்
பெண்ணின் அத்தை ஒரு நொடி கணக்குப் பார்ப்பாள்,
சொந்தத்தில் யார் படுக்கையில் என்று.
நான் பாட்டுக்குப் பிரியாணிப் பந்தியில் உட்காருவேன்.
வரம் என்றால்
கொஞ்சம் வெளிச்சமாக இருக்கவேண்டாமா என்று
29சி பேருந்தில் ஜன்னலோரம்
ஆண்டவரிடம் கேட்டிருக்கிறேன்.
புரசைவாக்கம் சிக்னல் விழுந்தது, அவ்வளவுதான் பதில்.

வியாழன் இரவு, இரண்டு பத்து.
போனில் ஜெயகரன் மாஸ்டர்.
அத்தனை பாட்டுப் பாடிய தொண்டையில்
ஒரு சொல் ஏறவில்லை.
"வர்றேன்" என்று நான்தான் சொன்னேன்.

அவர் மனைவி நவமணி. மூன்று வருட டயாலிசிஸ்.
ஹாலில் ஒரு கீர்த்தனை
தொடங்கித் தொடங்கி அறுந்துகொண்டிருந்தது.
உள்ளே வெதுவெதுப்பான தண்ணீர், மல் துணி, நான்.
சோப்பு போட்டு வளையல்களைக் கழற்றி
மகள் கையில் வைத்து
"நாலு இருக்கு, எண்ணிக்கோ" என்றேன்.
ஊசி ஏறி ஏறிப் புடைத்த இடது கையை மட்டும்
மெதுவாகத் துடைத்தேன்,
இன்னும் வலிக்கும் என்பதுபோல.
துடைக்கும்போது பாடிக்கொண்டிருந்திருக்கிறேன்.
சுதி கிடையாது, தாளம் கிடையாது,
எப்போதும் அப்படித்தான்,
இதுவரை எவரும் குறை சொன்னதில்லை.

திரும்பினால் கதவருகே மாஸ்டர்.
எவ்வளவு நேரமாகவோ.
நிறுத்தினேன்.
"பச்சைப் புடவைக்கா," என்றார்,
"அதுதான் அவளுக்குப் பிடிக்கும்."
போய்விட்டார்.
விட்ட வரியிலிருந்து நவமணிக்கு மறுபடி தொடங்கினேன்,
வாயை மட்டும் அசைத்தல்ல.

ஞாயிறன்று மஞ்சள் தாளைக் கொடுத்தேன்.
மடிப்பில் குழம்புக் கறை.
செயலர் தங்கையா கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.
அரை அங்குலம் போதாமல்
ஓரத்தில் திரும்பி மேலேறியிருந்தது என் எழுத்து:
ராத்திரி எந்நேரமும் போன் எடுப்பேன்.

"இதை எந்தக் குழுவில் சேர்க்கிறது?"
எனக்கும் தெரியவில்லை.

எழுபத்தொன்பது வயது அவருக்கு.
தாளைப் பெருவிரலால் ஒருமுறை நீவினார்.
பிறகு சட்டைப்பையிலிருந்து
தன் சொந்த டைரியை எடுத்து,
கடைசி எண் ஒன்றா ஏழா என்று
இரண்டு தரம் கேட்டு
எழுதிக்கொண்டார்.