செவ்வாய்க்கு மாறியது

டிசம்பர் கடைசியில் பம்பாயிலிருந்து வந்துவிடும்
அடுத்த வருஷத்து விடுமுறைப் பட்டியல்.
நீடாமங்கலம் உரக்கடை கொடுத்த தினசரி காலண்டரில்
சிவப்பு மையால் சுழித்துக்கொண்டே போவேன்.
ஹோலிக்கு லீவு. இங்கே எவன் முகத்திலும் பொடி இல்லை.
பொங்கலுக்குச் சந்தை உண்டு.
வாசலில் பால் பொங்கும்போது நான் மாடியில்,
ஒன்பதே காலுக்கு,
வேறொன்று பொங்குமா என்று பார்த்திருப்பேன்.

மச்சான் மதிவாணனுக்கு ஒரே தேதி, ஜூன் பன்னிரண்டு.
மேட்டூரில் கதவைத் தூக்கினால் நாற்றங்கால்,
தூக்காவிட்டால் போர்செட்டு,
அதுவும் வற்றினால் என்னிடம் கைமாற்று.
எனக்குத் தேதிகள் அதிகம்.
பட்ஜெட்டுக்கு முன் கையிருப்பைப் பாதியாக்கணும்.
மார்ச் முப்பத்தொன்றுக்குள்
நஷ்டத்தை விற்று வரிக்குக் காட்டணும்.
ஏப்ரலில் கம்பெனிகள் கணக்குச் சொல்லத் தொடங்கினால்
ரயில்வே கேட்டைத் தாண்டமாட்டேன்.
கேட்டு விழுந்தால் அரை மணி.
ஒரு தடவை அந்த அரை மணியில்
ஒரு மா நிலத்தின் விலை போனது.

வியாழனில் முடிந்துகொண்டிருந்த ஒப்பந்தங்களைச்
செவ்வாய்க்கு மாற்றினார்கள்.
என்னைவிடச் சொந்தக்காரர்களுக்குத்தான் சந்தோஷம்.
செவ்வாயோ வெறுவாயோ,
அன்றைக்கு யார் கல்யாணம் வைப்பார்கள்?
இனி எந்தப் பந்தியிலும்
இலைக்கு அடியில் போனை ஒளிக்க வேண்டாம்.
மூன்று மணிக்கு ராகு காலம் பிறக்கும்,
மூன்றரைக்குச் சந்தை மூடும்.
அந்த அரை மணியில் நான் வாங்குவதில்லை, விற்பதில்லை.
புள்ளிவிவரம் கேட்காதீர்கள்.

வசுமதிக்குக் கர்ப்பப்பையை எடுக்கணும் என்றார்
மன்னார்குடி டாக்டர்.
நான் காலண்டரைப் புரட்டினேன்.
"ஹோலிக்கு வச்சுக்கலாமா?"
அவள் புடவையை மடித்துக்கொண்டிருந்தாள்.
"என் வயித்தக் கிழிக்கவும்
பம்பாய்க்காரன் பண்டிகை பாக்கணுமா?"
அப்புறம் அவளே சொன்னாள்,
"மாசிமகம் கழிச்சு வர்ற செவ்வாய். அன்னைக்குத்தான் அக்கா வரமுடியும்."

மூன்று மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள்.
டாக்டருக்கு ராகு இல்லை.
சட்டைப்பையில் போன் இரண்டு முறை அதிர்ந்தது,
மூன்றாம் முறை அணைத்தேன்.
"எவ்வளவுக்கு முடிஞ்சிருக்கு?" என்றான் மதிவாணன்.
ஏதோ ஒரு எண் சொன்னேன்.
அவன் கேட்டது ஆஸ்பத்திரி பில்லை.

இந்த டிசம்பரிலும் பட்டியல் வந்தது.
சிவப்புப் பேனாவைத் திறந்தால்
காலண்டரில் முன்னாடியே நீல மை,
மூன்று மாதத்துக்கு ஒரு செவ்வாய்.
பக்கத்தில் எதுவும் எழுதவில்லை அவள்.
அந்த வாரங்களுக்கு ஒப்பந்தம் எடுப்பதில்லை.
ஆறரை வண்டிக்குக் கேட்டு விழுமுன் கிளம்பினால்
மன்னார்குடிக்கு அரை மணி.