இருபத்து நாலுக்கு மேலே

கோக்-ஜார் ஏரிக்கு மேலே, பனியாற்றின் விளிம்பில்
ஒரு தகரப் பெட்டி. அதற்குள் ஒரு ரேடியோ.
ஏரி கரை உடைத்தால்
கீழே பள்ளத்தாக்குக்குச் சொல்ல வேண்டியது அது.
தண்ணீர் ஊரை எட்டப் பதினோரு நிமிடம்.
ரேடியோ அணைந்தால் மறுபடி விழிக்க நாலு.
கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வருடத்தில் மூன்றாவது டிரான்சிஸ்டர்.
பெட்டியைத் திறந்ததுமே அந்த நாற்றம்.
மெலிஸ் குதிரையைப் பாறையில் கட்டிவிட்டு வந்து
மூக்கைப் பொத்திக்கொண்டான்:
"மறுபடியும் போச்சா?"

கீழ்ப்பக்கம் சுவிட்ச் வைத்திருந்தால் தொல்லை இல்லை.
ஆனால் ரேடியோவின் ஒரு கால்
சட்டத்தில் முடுக்கப்பட்டிருக்கிறது,
சட்டம் பாறையில், பாறை மலையில்.
மலையை அறுத்து நடுவில் சுவிட்ச் வைக்க முடியாது.
ஆகவே மேலே,
பேட்டரிக்கும் ரேடியோவுக்கும் இடையில்.

கதவைத் திறந்ததும்
வாசற்படியே உயர்ந்துவிடுகிற வீடு இது.
மூடியிருந்தபோது பூஜ்யத்தில் கிடந்த கால்
திறந்த கணமே இருபத்து நாலு வோல்ட்டில் ஏறி நிற்கும்.
கேட்டுக்கு அதற்கும் பத்து வோல்ட் மேலே வேண்டும்.
பேட்டரியில் இருப்பதோ இருபத்து நாலுதான்.

ஒரு மின்தேக்கி கடன் கொடுக்கிறது.
அணைந்திருக்கும்போது நிரம்பிக்கொண்டு,
எரியும்போது காலோடு கூடவே ஏறி,
இருப்பதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடிக்கும்.
நொடிக்கு ஆயிரம் தடவை அணைந்து எரிகிற மோட்டாருக்கு
நல்ல ஏற்பாடு.
அணையவே கூடாத ஒன்றில்
அது எப்போது நிரம்பும்?

புது டிரான்சிஸ்டரை வைத்து
மல்டிமீட்டரை மாட்டிவிட்டு
அடுப்பைப் பற்றவைத்தேன்.
முப்பத்தைந்து.
இந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும்,
டீதான் இறங்காது.
முப்பத்திரண்டு.
மெலிஸ் குருத் உருண்டையைக் கடித்தபடி
மைத்துனன் கல்யாணக் கதையை ஆரம்பித்தான்.
முப்பது.
கதையில் பெண்வீட்டார் வந்து சேர்வதற்குள்
இருபத்தெட்டுச் சொச்சம்.
விரல் வைத்தேன். எடுத்தேன்.

முழுதாகத் திறந்திருந்தால் அது சுடாது.
முழுதாக மூடியிருந்தாலும் சுடாது.
ஒருக்களித்த கதவாக,
விடவும் மனமில்லாமல் தடுக்கவும் தெம்பில்லாமல்
நிற்கும்போதுதான்
எல்லாவற்றையும் தன் உடம்பிலேயே வாங்கி வேகிறது.
குளிர்தான் இத்தனை நாள் ஊதி ஊதி ஆற்றிவந்திருக்கிறது.
ஜூன் வந்துவிட்டது.

"பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் கண் சிமிட்டட்டுமே,
மனுஷன் சிமிட்டறதில்லையா?" என்றான் மெலிஸ்.

கீழே சங்கு ஊதும் பொறுப்பு
ரொட்டி சுடும் ஷாயிர்குல்லுடையது.
ரேடியோவில் கூப்பிட்டேன்.
"செவ்வாய்க்கிழமை விடியக்காலம்
இரைச்சல் சட்டென்று நின்றது," என்றாள்.
"அந்தச் சத்தமின்மையில்தான் திடுக்கிட்டேன்.
அக்கம்பக்கத்துக் குழந்தைகளையும் சேர்த்து
மேட்டுக்கு ஏற்றினேன். செருப்பில்லாமல்.
நாலு நிமிஷம் கழித்து இரைச்சல் வந்தது."
கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.
பிறகு: "அன்றைக்கு ரொட்டி எல்லாம் கரி."

மெலிஸ் டீக்கோப்பையைக் கீழே வைத்தான்.

பி வகை டிரான்சிஸ்டர் இருந்தால் இவ்வளவு பாடில்லை.
அது பிஷ்கெக்கில் கிடைக்கும், ஒன்பது மணி நேரம்.
பையைக் கவிழ்த்தேன்:
எட்டுக்கால் டைமர் ஒன்று,
டையோடு இரண்டு,
மிளகு அளவில் மின்தேக்கிகள்,
கூடவே போன வருடத்துப் பேருந்துச் சீட்டு.

கை விறைத்து ஈயம் இரண்டு முறை தப்பான இடத்தில் சொட்டியது.
டைமர் பன்னிரண்டு வோல்ட்டில் துடிக்க,
ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கரண்டி
இருபத்து நாலின் தோளில் ஏறி மேலே ஊற்றுகிறது.
முதல் டையோடு திரும்பிப் போக விடாது,
இரண்டாவது கீழே சிந்த விடாது.
பானை ஓட்டைதான்.
ஓட்டையை யாரும் அடைக்கவில்லை.
ஒழுகுவதைவிடக் கொஞ்சம் வேகமாக
மொண்டு ஊற்றுகிறோம், அவ்வளவே.

முப்பத்து நாலரை.
மெலிஸ் கதையை விட்ட இடத்தில் எடுத்தான்.
முப்பத்து நாலரை.
பெண்வீட்டார் கோபித்துக்கொண்டு எழுந்தார்கள்,
சமாதானமானார்கள், ஆடு வெந்தது,
முப்பத்து நாலரை.
விரல் வைத்தேன்.
வைத்தபடியே இருந்தேன்.

"இரைச்சல் கேட்கிறதா?"
"கேட்கிறது. பேசாதீர்கள்,
மாவு பிசைந்துகொண்டிருக்கிறேன்."