பன்னிரண்டு வோல்ட் வரி

செவ்வாய் இரவு பத்தரைக்கு
சின்னவப் போடியாரின் மரண அறிவித்தலில்
மருமக்களின் பெயர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.
பக்கத்து வெல்டிங் கடை ஒருதரம் மின்னியது.
மொனிட்டர் கறுத்தது.
மேசைக்குக் கீழே
கருவாடு தீய்ந்தது போல ஒரு மணம்.

விடிந்ததும் களுவாஞ்சிக்குடியில் பஸ் ஏறினேன்,
செத்த பவர் சப்ளையைச் சீலைப் பைக்குள் வைத்து.
கல்முனையில் ஜெஸீலின் கடை.
கண்ணாடிக்குள் இரண்டு.

ஒன்று, நெற்றியில் சிவப்பாய் ஐந்நூறு வாட்ஸ்,
காற்றாடிக்குள் நீல வெளிச்சம் வேறு,
நாலாயிரத்து எண்ணூறு ரூபாய்.
மற்றது நானூற்றைம்பது. கறுப்பு.
பதினாலாயிரத்து முந்நூறு.

"கூடின வாட்ஸைக் குறைஞ்ச காசுக்குத் தாறாங்க,
கசக்குதா?"
எனக்கு முன்னால் நின்ற பொடியன் கேட்டான்.
ஜெஸீல் ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டையும் எடுத்து
என் கைக்கு ஒன்றாக வைத்தார்.

ஐந்நூறு, பொரி மூட்டை.
நானூற்றைம்பது,
ஈரம் காயாத செங்கல்.

பிறகு ஸ்டிக்கரைத் திருப்பி
எறும்பு எழுத்தில் கிடந்த ஒரு வரியைப்
பேனா முனையால் தொட்டார்.
பன்னிரண்டு வோல்ட், பதினாறு அம்பியர்.
"பெருக்கிப் பாருங்க தங்கச்சி."

நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
மிச்சம் முந்நூற்றெட்டும்
வெறும் சிவப்பு மை.

கறுப்பின் வரியில் முப்பத்தாறு.
நானூற்று முப்பத்திரண்டு.
சொன்னதுக்குக் கிட்டத்தான்.

"என்ட மெஷின் குடிக்கிறதே நூற்றைம்பதுதானே?"
"அப்ப அது போதும்," என்றார் ஜெஸீல்,
"கறண்ட் ஒழுங்கா வந்தா."
பொடியனும் சேர்ந்து
மூன்று பேரும் சிரித்தோம்.

ஒரு அறிவித்தலுக்கு ஆயிரத்தைந்நூறு எடுப்பேன்.
வித்தியாசம் ஒன்பதாயிரத்தைந்நூறு.
ஆறு மரணம், இன்னும் கொஞ்சம்.
மனம் இப்படிக் கணக்குப் பார்த்தது
எனக்கே கூச்சமாக இருந்தது.
ஒரு பிறந்தநாள் பேனரையும் சேர்த்துக்கொண்டேன்.
கறுப்பை வாங்கி
நாலாயிரம் கடன் சொன்னேன்.

நான் வந்து சேர முந்தியே
போடியாரை எடுத்துவிட்டார்கள்.
அறிவித்தலை வேறு கடையில் அடித்தார்களாம்,
அதில் ஒரு மருமகன் இல்லையாம்.
செத்த வீட்டிலேயே பெரிய கதை.

முப்பத்தோராம் நாள் மலருக்கு
அந்த மருமகனே வந்தார்.
நாற்காலி நுனியில் உட்கார்ந்து
மொனிட்டரை விட்டுக் கண் எடுக்கவில்லை.
வெல்டிங் கடை மின்னியது.
பல்ப் குனிந்து நிமிர்ந்தது.
காற்றாடி கீழே சுற்றிக்கொண்டே இருந்தது,
கேட்கிற அளவுக்கும் சத்தமில்லை.

"என்ன பேர் எண்டு சொன்னீங்க?"
"புவனசிங்கம்," என்றார்.
எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டு,
"ஓம், ரெண்டு சுழி 'ன' தான்.
இப்ப சேவ் பண்ணுங்க."