வந்தடைந்த நிலை

வெள்ளிக்கிழமை அனுப்பாதே என்பது
இங்கே முதல் பாடம்.
சனி ஞாயிறில் எந்தக் கிடங்கில் கிடக்குமென்று
பெட்டிக்கே தெரியாது.
இன்று புதன். நல்ல நாள்.
ஸ்விஃப்ட் கரண்டில் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று,
மூக்கு மயிர் விறைத்து நிற்கும் தை மாதக் காலை.

டேரில் கோவல்ச்சுக்
பிக்கப் வண்டியின் முன்னிருக்கையில்
சீட் பெல்ட் போட்டுக் கொண்டுவந்தார்
ஒரு நீலத் தீவனத் தொட்டியை.
உள்ளே ஏழு மாதத்துக் கன்று.
இந்த மாதம் மூன்றாவது.
"பின்னால் வைத்தால் உறைந்துவிடும் என்று
நீங்கள்தானே போனில் சொன்னீர்கள்."
நான்தான் சொன்னேன்.

ஆனால் இன்று நான் மேசைக்குப் போகவில்லை.
கண்ணாடிக் கதவுக்கு இப்பால் நாற்காலி போட்டு
எழுதுகிற வேலையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.
ரொவெனா ஒன்றும் கேட்காமல்
இரண்டு ஜோடி கையுறை மாட்டினாள்.
டாக்டர் ஃப்ரீசன் கத்தியைத் துடைத்தபடி
"கதவைச் சாத்திக்கொள்" என்றார்,
அவ்வளவுதான்.

குழாயின் உடம்பில் எழுது, மூடியில் எழுதாதே.
மூடிகள் திறந்ததும் இடம் மாறும்.
ஸ்பிரிட் பட்டு அழியும் மை ஆகாது.
பசுவின் காதுவில்லை நானூற்றுப் பன்னிரண்டு.
தேதி. உறுப்பு.
நுரையீரல். கல்லீரல்.
நஞ்சுக்கொடிக்குத் தனிப் பை;
மற்றதோடு சேர்த்தால் அதன் அழுக்கு
எல்லாவற்றுக்கும் சொந்தமாகிவிடும்.
இரைப்பை நீர் இரண்டு மில்லி:
பால் காணாத வயிற்றில்
இருந்தது அதுதான்.
அவள் ஒவ்வொன்றாய்த் தூக்கிக் காட்ட
நான் எழுதிக் கதவிடுக்கில் நீட்டினேன்.
கல்லீரல் என்று இரண்டு முறை எழுதிவிட்டேன்.
ஒன்றைக் கிழித்துப் போட்டேன்.

ஃபார்மலினும் இந்தக் குளிரில் உறையும்,
பத்தில் ஒரு பங்கு ஆல்கஹால் கலக்காவிட்டால்.
உறைந்த திசுவுக்குள் பனி ஊசியாய் இறங்கும்.
பிறகு எது நோய் கிழித்தது
எது குளிர் கிழித்தது என்று
சஸ்காட்டூனில் யாரும் சொல்ல முடியாது.

குழாயைச் சுற்றி உறிஞ்சும் தாள்,
தாளைச் சுற்றி ஒழுகாத பை,
பைக்கு டப்பா, டப்பாவுக்கு நுரைப்பெட்டி,
அதற்கும் மேலே அட்டை.
ஜெல் பைகள் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டிலிருந்து.
ஆடியில் வெயிலைத் தடுக்கும் அதே பைகள்
தையில் குளிரைத் தடுக்கின்றன.
படிவம் மட்டும் தனி உறையில்;
எது ஒழுகினாலும் அது நனையக் கூடாது.
ரொவெனா பெட்டியைக் காதருகே வைத்து லேசாக ஆட்டினாள்.
சத்தமில்லை.
மேலே சாய்சதுர முத்திரையை ஒட்டினாள்.

படிவத்தில் ஒரு கட்டம் பாக்கி:
மனிதர் யாராவது தொட்டார்களா?
டேரிலிடம் கேட்டேன்.
"நான். என் பையன்.
மருமகள் தொட்டியைப் பிடித்துக்கொண்டாள்."
"வெறுங்கையாலா?"
"வெறுங்கைதான்."
கொஞ்சம் தயங்கிக் கேட்டேன்,
"அவர் ஏதும்…"
"மே மாதம்" என்றார்.
சொல்லி முடித்த பிறகுதான்
அவருக்கே அது காதில் விழுந்தது.

இன்றைக்கே டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்,
நடந்ததை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்,
போட்டிருந்த துணியைத் தனியே துவையுங்கள்,
தொழுவத்துப் பக்கம் விடாதீர்கள்.
ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.
பிறகு கண்ணாடிக் கதவைப் பார்த்தார்.
என் நாற்காலியைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
தொப்பியைக் கழற்றி
மறுபடி போட்டுக்கொண்டு
வண்டிக்குள் போய் போனை எடுத்தார்.

மூன்று மணிக்குக் கூரியர் வந்து
பனியில் பூட்ஸைத் தட்டிவிட்டுத் தூக்கிப் போனான்.

வெள்ளிக்கிழமை முதல் அறிக்கை.
காரணம்: ஆய்வு தொடர்கிறது.
அதற்கு மேல் ஒரு வரி,
யாரும் படிக்காத வரி:
வந்தடைந்த நிலை, நன்று. ஒழுகவில்லை. உறையவில்லை.
அதை இரண்டு தரம் படித்தேன்.

டேரிலின் மருமகள் இரத்தம் கொடுத்துவிட்டாளாம்.
அதுவும் ஒரு பெட்டியில்
ஏதோ நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும்.
எழுதியது யாரோ.
மூடியில் எழுதியிருக்க மாட்டார்கள்.